பேஷில் ப்ராம்ப்டுக்கு நிறம் கொடுத்தால் நீளமான கட்டளை ஏன் அதே வரி மேல் விழுகிறது?

பேஷ் (bash) என்பது டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்; கட்டளைக்கு முன்னால் அது காட்டும் குறிப்புதான் ப்ராம்ப்ட். அந்த ப்ராம்ப்டின் வடிவத்தைச் சொல்லும் பி.எஸ்.1 (PS1) மாறியில் பச்சை நிறம் சேர்த்ததிலிருந்து, நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் ப்ராம்ப்டின் மேலேயே எழுதப்படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு டெர்மினலில் இல்லை, பேஷ் போடும் கணக்கில்தான்.

வரியை எங்கே மடிக்க வேண்டும் என்று தெரிய, ப்ராம்ப்ட் எத்தனை எழுத்து அகலம் என்பதை பேஷ் எண்ணிக்கொள்கிறது. நிறக் குறியீடுகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. ஆனால் அது பேஷுக்குத் தெரியாது. பச்சையைத் தொடங்கும் குறியீடு 5 எழுத்து, நிறத்தை நிறுத்துவது 4. ஆக, கண்ணுக்கே தெரியாத 9 எழுத்துகள் கணக்கில் ஏறிவிடுகின்றன. கட்டளை சிறியதாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. வரி நிரம்பும்போதும், மேல் அம்புக்குறியால் பழைய கட்டளையைத் திருத்தும்போதும்தான் குழப்பம்.

தீர்வு எளிது. ஒவ்வொரு நிறக் குறியீட்டுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பேக்ஸ்லாஷும் மூடும் சதுர அடைப்பும் போடுங்கள். "இடையில் இருப்பதை எண்ணாதே" என்று பேஷுக்குச் சொல்வது அது. நிறத்தை நிறுத்தும் குறியீட்டுக்கும் இது வேண்டும், பலர் விட்டுவிடுவது அங்கேதான். பயனர் பெயர், கோப்புறை மாதிரி திரையில் தெரியும் பகுதிகளை மட்டும் இதற்குள் அடைக்காதீர்கள், கணக்கு எதிர்ப்பக்கம் தவறிவிடும்.

அப்புறம், கிட் (Git, நிரலின் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) கிளையின் பெயரையும் ப்ராம்ப்டில் காட்டுவதானால் பி.எஸ்.1-இன் மொத்த மதிப்பையும் ஒற்றை மேற்கோளில் வையுங்கள். இரட்டை மேற்கோளில் வைத்தால் கிளைப் பெயரை எடுக்கும் கட்டளை ஒரே ஒரு முறைதான் ஓடும், கிளை மாறினாலும் பழைய பெயரே நிற்கும்.

முதலில் டெர்மினலிலேயே அடித்துப் பாருங்கள். சரியாக வந்த பிறகு பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் சேர்த்தால் போதும்.