38-ஆம் நாள் ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 43 வயது. குலசேகரம் பக்கம் ஊர். சவுதியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு 2019-இல் திரும்பி வந்தேன். ரப்பர் விலையை நம்பிப் பால்வெட்டில் மட்டும் காலம் தள்ள முடியாது என்று தெரிந்ததும் விளையின் ஓரத்தில் 3,000 சதுர அடியில் கோழிக் கொட்டகை போட்டேன். பாதி கையில் இருந்த பணம், மீதி வங்கிக் கடன். கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருவார்கள், கொட்டகையும் கரண்டும் உழைப்பும் நம்முடையது, நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கறி சாப்பிடாதவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வரும்போதே கறிக்கடையில் நின்று வாங்கிக்கொண்டு வருவதுதான் எங்கள் வீட்டு வழக்கம், மரச்சீனிக் கிழங்கும் மாட்டிறைச்சியும் இல்லாத ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே தோன்றாது. அதனால் இந்தக் கடிதத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பேட்ச் குஞ்சு இறங்கி 38-ஆம் நாள், இன்னும் இரண்டு நாளில் லிஃப்டிங், அதாவது கம்பெனிக்காரர்கள் கோழியைப் பிடித்து ஏற்றிப் போகிற நாள். சாயங்காலம் இடி இடித்து மழை பெய்யாமலே போனது, கூடவே கரண்டும் போனது. காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. ஜெனரேட்டர் அரைமணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. கோழிகள் எல்லாம் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இரைத்தன. மூவாயிரம் கோழி ஒரே நேரத்தில் இரைக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் அக்கா. நானும் மனைவியும் மகளும் குடத்தில் வெள்ளம் கோரி ஓடி ஓடித் தெளித்தோம். விடியும்போது 214 கோழி செத்துக் கிடந்தது. ரப்பர் மூட்டில் குழி வெட்டி நானே புதைத்தேன். காலையில் வந்த சூப்பர்வைசர் கொட்டகைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் மார்ட்டாலிட்டி எத்தனை என்று கேட்டு அட்டையில் எழுதிவிட்டு, எடை வந்த கோழி போய்விட்டதே என்று சொல்லிவிட்டுப் போனார். கூலியிலும் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் முன்பு கண்ணில் படாததெல்லாம் படத் தொடங்கியது. நாலாவது வாரத்தில் சில கோழிக்குக் கால் விழுந்துவிடும், தீவனத் தட்டு வரைக்கும் போக முடியாது. எடை தேறாததைக் கழித்துவிடச் சொல்வார்கள், கழுத்தைத் திருகுவது என் வேலை. போன பேட்சில் அப்படி ஒன்றைத் திருக மனம் வராமல் மூலையில் தனியாக விட்டு, சிரட்டையில் வெள்ளம் வைத்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டால் முட்டியால் தேய்த்துக்கொண்டே அந்தச் சத்தம் வந்த பக்கம் வரும். ஆறு நாள் கிடந்து செத்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுக்கு நம்மளத் தெரியுமா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் கோழிக்கறி தொடுவதில்லை.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். கரண்டு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன், இருந்தாலும் திரும்பித் தூக்கம் வராது. வாரத்தில் நாலு நாள் குவார்ட்டர் இல்லாமல் படுப்பதில்லை. மனைவி, “நாலு பேரு செய்யுத தொழில்தானே, நீங்க மட்டும் ஏன் இப்படிக் கெடந்து உருகுதீங்க” என்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், உணவுக்காகக் கொல்வது பாவம் இல்லை என்று சாமியார் சொன்னார். மைத்துனன் சிரித்தான். பிறகு நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்: ஞாயிற்றுக்கிழமை மாடு தின்கிறவனுக்கு வெள்ளிக்கிழமை கோழிமேல் என்ன இரக்கம்? நான் போலியா, இல்லை எனக்குப் புத்தி பிசகுகிறதா? இந்த நினைப்பு மனதிலிருந்து போக ஒரு வழி சொல்லுங்கள். கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

— குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி

* * *

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மணி விழிப்பும், அதை அமுக்கக் குடிப்பதும், அந்த ராத்திரியின் சத்தம் திரும்பத் திரும்ப வருவதும் ஒன்றை ஒன்று வளர்த்துவிடும். சாராயம் படுத்தவுடன் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைப்பதும் அதுதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒரு நாள் பால்வெட்டு முடித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். போக முடியாத ராத்திரியில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். எத்தனை நாள் குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு ராத்திரியில் 214 உயிர் கண்முன்னால் போனதைப் பார்த்தவருக்குத் தூக்கம் கெடுவது புத்திப் பிசகு இல்லை.

ஆனால் அந்த நினைப்பைப் போக்க வழி கேட்கிறீர்களே, அதை மட்டும் நான் செய்ய மாட்டேன். தூக்கமின்மை வேறு, இரக்கம் வேறு. முன்னதற்கு வைத்தியம் வேண்டும். பின்னது உங்களிடம் சரியாக வேலை செய்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது இதுதான். நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், எல்லாரும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். சாமியார் கொல்வதைப் பற்றிச் சொன்னார், மனைவி பிழைப்பைப் பற்றிச் சொன்னார். நீங்களும் ‘மாடு தின்கிறவனுக்கு என்ன இரக்கம்’ என்று அவர்களோடு சேர்ந்துகொண்டீர்கள். ஆனால் கடிதம் முழுக்கத் தேடினேன், கோழியைக் கொன்று தின்பது தப்பா என்று நீங்கள் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அந்த நாற்பது நாளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். இரைத்தது, கால் விழுந்தது, செருப்புச் சத்தத்துக்கு முட்டியால் நகர்ந்து வந்தது. கடைசி ஒரு நிமிடத்தைப் பற்றிய கேள்வியும் அதற்கு முன்பு அந்த உயிர் வாழ்ந்த நாட்களைப் பற்றிய கேள்வியும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சிதறால் மலை, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சமணத் துறவிகள் தங்கிய இடம், எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்றவர்கள் அவர்கள். அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற சுவாமித்தோப்பிலும் மற்ற பதிகளிலும் பலி கிடையாது. அதெல்லாம் பெரிய பதில்கள், நாளைக்கு நீங்களும் அங்கே போய்ச் சேரலாம். இன்றைக்கு உங்களைத் தூங்க விடாதது இரண்டாவது கேள்வி, கறி தின்கிறவருக்கும் அதைக் கேட்க முழு உரிமை உண்டு.

நம் சட்டமும் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் உணவுக்காகக் கொல்வதைத் தடுக்கவில்லை, தேவையில்லாத வேதனை கொடுப்பதைத்தான் குற்றம் என்கிறது. பிரிட்டனில் 1965-இல் பிராம்பெல் குழு என்று ஒன்று பண்ணை விலங்குகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. கறி சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை அவர்கள். நிற்க, படுக்க, திரும்ப, தன் உடம்பைக் கோதிக்கொள்ள, கையைக் காலை நீட்ட, இவ்வளவுக்காவது ஒரு விலங்குக்கு இடம் வேண்டும் என்றார்கள். நீங்கள் ஒரு சிரட்டை தண்ணீர் வைத்தபோது கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

உங்களுக்குத் தோன்றுவது வெறும் கற்பனையும் இல்லை. 2000-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கால் ஊனமான கறிக்கோழிகளுக்கு முன்னால் இரண்டு நிறத் தீவனம் வைத்தார்கள், ஒன்றில் வலி மருந்து கலந்திருந்தது. நன்றாக நடக்கிற கோழிகளைவிட நொண்டிய கோழிகள் மருந்துத் தீவனத்தை அதிகம் தின்றன, ஊனம் கூடக் கூட மருந்தும் கூடியது. ஆகவே மகளுக்குப் பதில் சொல்லலாம். அதுக்கு நம்மளத் தெரியுமோ என்னவோ மோளே, வலி தெரியும் என்று சொல்லுங்கள். அவள் கோழிக்கறியை விட்டதில் கவலைப்படவோ வற்புறுத்தவோ வேண்டாம், பயறும் பருப்பும் பாலும் போதும், மீனும் முட்டையும் அவள் விருப்பம். நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குப் பாரமாக இருக்கும்.

சரி, பழி எவ்வளவு உங்களுடையது? கால் விழுவதையும் உங்கள் கைக்குற்றமாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-இல் இருந்த கோழி இனத்தையும் 2005-இன் இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். 56 நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4,202 கிராம். அந்த எடையை அந்த வயதில் தாங்குகிற கால் அந்தக் குஞ்சுக்கு இல்லை. அதை நீங்கள் செய்யவில்லை. குஞ்சு உங்கள் வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போதே அந்த வலி அதற்குள் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள், நூறு ரூபாய்க்குள் கிலோ கிடைக்குமா என்று கடை கடையாக விலை கேட்கிற என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். மொத்தத்தையும் நீங்கள் ஒருவரே சுமந்தால் உங்களுக்கு முதுகு ஒடியும், கோழிக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆனால் ஜெனரேட்டர் உங்களுடையது. அந்த ஆறு நாளும் உங்களுடையதுதான், கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். தேறாத கோழியைத் திருக மனம் வராமல் விட்டது அன்பால்தான், ஆனால் அந்த ஆறு நாள் வலியைப் பட்டது அதுதான். எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். தேறாது என்று தெரிந்த அன்றே, பழகிய கையால், ஒரே இழுப்பில் கழுத்தை விலக்கிவிடுவதுதான் கருணை என்றார், அதை ஒழுங்காகக் கற்றுத்தரவும் செய்வார்களாம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். கோடைப் பேட்சில் குஞ்சு குறைத்து இறக்கக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், 3,000-க்குப் பதில் 2,500 என்றால் கூலியில் எவ்வளவு குறையும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், அவர் வாயில் தொழில் என்று வந்த வார்த்தைக்குள் அவருடைய பயமும் இருக்கிறது. லிஃப்டிங் அன்று ஆட்கள் கைக்கு நாலைந்து என்று காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி எறிவார்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் கோழி கலவரப்படாது, நிதானமாகப் பிடிக்கச் சொல்லலாம். கொட்டகை உங்களுடையது, சொல்லும் உரிமை இருக்கிறது.

போலியா என்று கேட்டீர்கள். 2010-இல் உளவியலாளர்கள் சிலர் ஒரு சோதனை வைத்தார்கள். சிலருக்குக் காய்ந்த மாட்டிறைச்சி கொடுத்தார்கள், சிலருக்கு முந்திரிப் பருப்பு. அதன் பிறகு விலங்குகளைப் பற்றிக் கேட்டபோது, இறைச்சி தின்றவர்கள் விலங்குகள் மேல் நமக்கிருக்கும் கடமையையும், அக்கறைக்கு மாட்டுக்கு இருக்கும் தகுதியையும் குறைத்துச் சொன்னார்கள். தின்றதை நியாயப்படுத்த மனம் அந்த உயிரைச் சின்னதாக்கிக்கொள்கிறது, கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது அது. நான் வாரம் இரண்டு நாள் சாளை மீன் வாங்குகிறேன், கூடைக்குள் துடிக்கிறதா என்று குனிந்து பார்த்ததே இல்லை. உங்கள் மைத்துனர் சிரித்ததும் அப்படித்தான். நீங்கள் தின்றுகொண்டும் அந்த உயிரைச் சின்னதாக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் நடுவில் நின்று நோகிறீர்கள், அதற்குப் பெயர் போலி இல்லை.

தொழிலை விடுவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். குடியும் தூக்கமின்மையும் இருக்கும்போது எடுக்கிற முடிவு உங்களுடையதாக இருக்காது. மூன்று வருடக் கடன் மூன்று வருடம் யோசிக்கக் கிடைத்த நேரமும்தான். நாட்டுக்கோழியோ, வேறு ஏதாவதோ, அப்புறம் பார்க்கலாம். ஜெனரேட்டரை மட்டும் இந்த வாரமே பழுது பாருங்கள், டீசலை நிறைத்து வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் போய்ப் பார்ப்பதற்கு அங்கே ஓடுகிற ஒன்று இருக்க வேண்டும்.

அடுத்த பேட்ச் இறங்கியதும் எழுதுங்கள், குஞ்சு எத்தனை எடுத்தீர்கள், ஆசாரிப்பள்ளத்தில் என்ன சொன்னார்கள் என்று. மகள் என்ன சொன்னாள் என்பதையும்.

அன்புடன்,
அக்கா