கடைவரம்புக் குளம் நிறையாததும் கிணறு உப்பாவதும்

கேள்வி: குமரி மாவட்டக் கோதையாறு பாசனக் கால்வாயின் கடைவரம்பில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், எங்கள் ஏலா (வயல்வெளி). அணை திறந்தும் குளத்துக்குத் தண்ணீர் வருவதில்லை, கிணறும் உப்பாகிறது. நாட்டின் நீர் நிர்வாகத்தையே மாற்ற வேண்டும் என்கிறார்களே, எங்களுக்கு அதனால் என்ன? (வாசகர், ராஜாக்கமங்கலம் பக்கம்)

பதில்: குளமும் கிணறும் ஒரே தண்ணீர். குளம் நிறைந்தால் ஊறும் நன்னீர்தான் கடல்நீரை அடியில் தள்ளி வைக்கிறது. மணற்பாங்கான கரையோரத்தில் நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலேறும் என்பது கணக்கு. உப்பு தட்டிய கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள், கெடுதல்தான் கூடும்.

நிர்வாகமோ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. கால்வாய் நீர்வளத்துறையிடம், நிலத்தடி நீர், 1882 வசதியுரிமைச் சட்டத்தின் வழியே, நிலம் வைத்திருப்பவரிடம். மத்திய நீர் ஆணையத்தையும் நிலத்தடி நீர் வாரியத்தையும் இணைத்துத் தேசிய நீர் ஆணையம் அமைக்கும்படி 2016-இல் மத்திய அரசு அமைத்த மிகிர் ஷா குழு சொன்னது இதனால்தான். அது தேவையான மாற்றம். ஆனால் பாசனம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மடைக்கான நியாயத்தை மாநில அரசிடம்தான் கேட்க வேண்டும்.

“தண்ணீர் வரவில்லை” என்று மட்டும் எழுதும் மனு, “தூர்வாரப்பட்டது” என்ற பதிலோடு முடிந்துவிடும். அளந்து எழுதுங்கள். கால்வாயில் நேரான 10 மீட்டர் துண்டைக் குறித்து, பாதி நீர் நிரப்பிய சிறு பாட்டிலை மிதக்கவிடுங்கள். தெர்மோகோல் வேண்டாம், காற்று தள்ளிவிடும். 25 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், மேற்பரப்பு வேகம் சற்றுக் கூடுதல் என்பதால் 0.85-ஆல் பெருக்க 0.34. அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் விநாடிக்கு 272 லிட்டர், சுமார் 9.6 கன அடி. தலைமடை, நடு, கடைவரம்பு மூன்றிலும் ஒரே நாளில், மழையில்லாதபோது, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே சட்டென்று குறைகிறதோ, அங்கே நடந்து பாருங்கள்: உடைந்த ஷட்டர், ஆகாயத்தாமரை, கரையைத் துளைத்துப் போட்ட குழாய். அன்று தண்ணீர் பெறும் முறை யாருடையது என்பதையும் குறியுங்கள். உங்கள் முறையல்லாத நாளில் எடுத்த அளவு செல்லாது.

கிணற்று நீர்மட்டத்தையும் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின்) அளவையும் வாரம் ஒருமுறை அதே நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டோடு, 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் தீர்மானத்தையும் சேர்த்து, விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

குளத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால், குளம் யாருடையது என்று முதலில் பாருங்கள். 2007 குளப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித்துறை வசமிருந்த குளங்களுக்கானது. ஊராட்சிக் குளத்துக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி மனு கொடுத்தால் மாதங்கள் வீணாகும்.