சராசரிக் கணக்கும் அக்காவின் கட்டணமும்

தம்பி, நல்லூரில் இருந்துகொண்டு ஸ்காபரோ அக்காவின் கார் காப்புறுதிக்கு மண்டையை உடைக்கிறீர்கள், சரி. ஆணையம் கம்பனிக்கு அனுமதித்தது சின்ன உயர்வு, அக்காவின் கட்டணம் மட்டும் ஏன் இவ்வளவு ஏறியது என்று கேட்டிருந்தீர்கள். அக்கா இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காப்புறுதிக் கம்பனி நினைத்தபடி கட்டணத்தை ஏற்ற முடியாது. 2019 இலிருந்து எஃப்எஸ்ஆர்ஏ (FSRA) என்ற மாகாண நிதிச் சேவைகள் ஆணையம்தான், கம்பனி உயர்வு கேட்டு விண்ணப்பித்தால், இழப்பீடாக எவ்வளவு போனது, இனி எவ்வளவு போகும், செலவென்ன, லாபமென்ன என்று கணக்கைக் கிண்டிப் பார்க்கிறது. கணிப்புக்கு ஆதாரம் காணாது, லாபம் கூடிப்போச்சு என்றால் விண்ணப்பம் அப்படியே தேறாது. ஆனால் அனுமதிக்கிற அந்த வீதம் கம்பனியின் வாடிக்கையாளர் எல்லாருக்குமான சராசரிதான், ஒருவருக்குக் கூடும், இன்னொருவருக்குக் குறையும். அக்கா வீடு மாறினவ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அஞ்சல் குறியீடு மாறினாலே கட்டணம் தனியாக ஏறும். பழைய பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எந்த வரி ஏறியிருக்கிறது என்று தரகரிடம் கேட்கச் சொல்லுங்கள், பெட்டிசம் எல்லாம் அதற்குப் பிறகு.