கூடு கட்டிக் கொடுத்தும் கோழிகள் கம்பில் ஏறி அடைய மாட்டேன் என்கின்றன. எப்படிப் பழக்குவது?

நீங்கள் எழுதியதை முதலில் கோத்துக்கொள்கிறேன். காரைக்குடியில் வீட்டுக் கொல்லையில் புதுசாகக் கூடு கட்டியிருக்கிறீர்கள், கூரை தகரம். உள்ளே நல்ல உயரத்தில் இரண்டு கம்பு. கோழிகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாதி முட்டைப்பெட்டிக்குள் நெருக்கியடித்துப் படுக்கின்றன, மிச்சம் தரை மூலையில் குவிகின்றன, இரண்டு மட்டும் வெளியே முருங்கையில் ஏறிக்கொள்கின்றன.

முருங்கையில் ஏறுகிற அந்த இரண்டிடமே உங்களுக்கான பதில் இருக்கிறது. உயரத்தில் அடைவது கோழிக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல. வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி, அது இரவானால் மரக்கிளையில்தான் அடையும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால், வெளிச்சம் மங்குவதற்குள் பத்திரமான உயரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதற்குள்ளேயே உண்டு. அப்படிப்பட்டது உங்கள் கம்பை வேண்டாம் என்றால், பழக்குவதற்கு முன்னால் கம்பில் என்ன குறை என்று பார்க்க வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது தகரத்தை. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் குடித்த தகரம் பொழுது சாய்கிற நேரத்திலும் அனல் கக்கும். கூட்டுக்குள் மேலேறிய சூடு போக வழியில்லாமல் கூரைக்கடியிலேயே நிற்கும். நீங்களோ உயரமாக இருக்கட்டும் என்று கம்பைச் சரியாக அந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டைத் தள்ளும். அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் பக்கம். பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தாவிடம் என் தம்பி இதே புகாரைச் சொன்னபோது, “ஏய்யா, அந்தத் தகரத்துக்கடியில நீ ஒரு ராத்திரி படுத்துப் பாரு, அப்பறம் கோழியத் திட்டு” என்றது. அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

சோதிப்பது சுலபம். கோழி அடைகிற நேரத்தில், கார்த்திகையில் என்றால் 6 மணிக்கு முன்பே, ஆனி ஆடியில் என்றால் ஆறரை வாக்கில், கூட்டுக்குள் கையை விட்டுக் கம்புக்கு மேலே ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பிறகு தரையருகே வையுங்கள். வித்தியாசம் கைக்கே தெரிந்தால் கோழிக்குத் தெரியாதா? தகரத்தின் மேல் தென்னங்கீற்று இரண்டு வரிசை போடுங்கள், அல்லது பழைய ஓடு கிடைத்தால் தகரத்தையே எடுத்துவிடுங்கள். கூரைக்குக் கீழே சுவரின் மேல்பகுதியில் நாலு விரல் உயரத்துக்குத் திறப்பு விட்டு, அதில் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடியுங்கள். கண் பெரிதாக இருந்தால் பாம்பு வரும். கம்புக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை அடியாவது இருக்கட்டும்.

அடுத்து, முட்டைப்பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. கம்பைவிட உயரமாகவோ சமமாகவோ இருந்தால் கோழி பெட்டியில்தான் படுக்கும், விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எச்சம் போடும், மறுநாள் இடுகிற முட்டை அதில் புரளும். பெட்டியைத் தரையோடு இறக்குங்கள், அல்லது தரையிலிருந்து ஒரு அடிக்குள் வையுங்கள். கம்பு அதைவிட ஒரு அடியாவது மேலே. இது போதாதென்றால் சாயங்காலம் 4, 5 மணிக்கு மேல் பெட்டி வாயைப் பலகையால் அடைத்துவிட்டு விடியற்காலை திறந்துவிடுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையில்தான் இடும், அதனால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு விதிவிலக்கு: பெட்டியை விட்டுப் பகலிலும் எழாமல், கிட்டப் போனால் சிறகைப் பரப்பிக் கொத்த வருகிற கோழி அடைக்கோழி. அதைத் தூக்கிக் கம்பில் வைத்துப் போராடாதீர்கள். முட்டை வைப்பதானால் தனியாக வையுங்கள், வைக்காவிட்டால் தனியாக அடையைத் தெளிய வையுங்கள்.

கம்பு பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் இதில் ஒரு தனிக் கூத்து நடக்கும். பழைய வீடு பிரித்த மரம் முனீஸ்வரன் கோவில் தெருவில் எதுவும் கிடைக்கும். பர்மாத் தேக்குச் சட்டம், கடைந்த கைப்பிடி, பாலிஷ் போட்ட கட்டை என்று வாங்கிக்கொண்டு வந்து கோழிக்குப் போடுகிறார்கள். மனுஷனுக்கு அழகு, கோழிக்கு வழுக்கல். கோழி காலை மடக்கி உட்கார்ந்ததும் தசைநாண் இழுத்து விரல்கள் தாமாக மடங்கிக் கம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கக் கம்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும், 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். விரல் தடிமன் குச்சியும் ஆகாது, தூண் தடிமனும் ஆகாது. பி.வி.சி. குழாயும் இரும்புக் குழாயும் வேண்டவே வேண்டாம். சவுக்குக் கம்பு, வேப்பங்கிளை, தைலமரக் கம்பு எதுவானாலும் சரி, தைலமரத்துக்குச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பஞ்சமே இல்லை. சதுரச் சட்டம்தான் இருக்கிறதென்றால் நாலு ஓரத்தையும் இழைப்புளியால் மழுக்கிவிடுங்கள். உட்கார்ந்தால் கம்பு ஆடவோ உருளவோ கூடாது. ஒரு தடவை உருண்டு விழுந்த கோழி மறுபடி அந்தப் பக்கம் போக யோசிக்கும்.

கம்பு சொன்னதும் தரையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமான வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கூட்டுத் தரையில் பதித்தவர்களை எனக்குத் தெரியும். கழுவ வசதிதான், ஆனால் மேலேயிருந்து குதிக்கிற கோழிக்குக் கால் வழுக்கும், அடிபடும். தினம் தினம் கெட்டித் தரையில் குதித்தால் உள்ளங்காலில் புண்ணாகிக் கட்டி வைக்கும். மேலே மணலோ உமியோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள்.

உயரம் எவ்வளவு என்பது கோழியைப் பொறுத்தது. நாட்டுக்கோழி வெடை (இளம் பெட்டை) என்றால் ஆறடி உயரத்தையும் ஒரே தாவில் பிடிக்கும். வனராஜா மாதிரி கனத்த கோழி அப்படி ஏறாது. ஒன்றரை அடிக்கு மேல் அதைக் கேட்பது அநியாயம். இரண்டும் கலந்திருந்தால் ஏணி மாதிரி சாய்வாக மூன்று கம்பு கட்டுங்கள். கீழ்க்கம்பு தரையிலிருந்து ஒரு அடி, அடுத்தடுத்தது ஓரடி மேலே, ஓரடி பின்னால். ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று வந்தால் கீழே இருப்பதன் முதுகில் எச்சம் விழும். கடைசிக் கம்பு சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும், வால் இடிக்காமல் திரும்ப அதற்கு இடம் வேண்டும்.

நீளமும் முக்கியம். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கணக்கு. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரூப் எப்பே 1920களின் தொடக்கத்தில் இதைக் கூர்ந்து கவனித்து எழுதினார். கவனிக்காதவர்களுக்கும் அந்தியில் கம்புப் பக்கம் நின்றால் தெரிந்துவிடும். பெரியதனக்காரக் கோழி கம்பின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கொத்தித் தள்ளும். தள்ளப்பட்டது மூலைக்கு வரும். உங்கள் கூட்டில் தரை மூலையில் குவிபவை பெரும்பாலும் இந்தத் தள்ளப்பட்டவையும் வயசில் சின்னவையுமாக இருந்தால், எதிர்ச்சுவரில் தனியாக இன்னொரு கம்பு கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதெல்லாம் சரியாக இருந்து இன்னும் ஏறவில்லை என்றால்தான் பழக்குவது. கோழியை எங்கே வாங்கினீர்கள் என்று யோசியுங்கள். தாயோடு வளர்ந்த குஞ்சு தாய் ஏறுவதைப் பார்த்து, பின்னாலேயே ஏறும். மின்விளக்குப் பெட்டியில் வளர்ந்து, பிறகு கூண்டில் விற்பனைக்கு வந்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதற்கு உங்கள் கைதான் தாய். நன்றாக இருட்டிய பிறகு போங்கள். இருட்டில் கோழி துள்ளாது. இரண்டு கையாலும் சிறகை அணைத்துத் தூக்கி, நெஞ்சு கம்பில் படுமாறு வைத்துக் கால் பிடிக்கும் வரை விடாமல் இருங்கள். சில கோழி உடனே இறங்கப் பார்க்கும், மறுபடி வையுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் தினமும் இதே வேலை. நடுவில் ஒரு நாள் சோம்பினால் அன்று பெட்டிக்குள் போய்விடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் தூக்க வேண்டியதில்லை. துணிந்த ஒன்றிரண்டு ஏறிவிட்டால் மற்றவை பார்த்து வரும். புதுக் குஞ்சு வாங்குவதாக இருந்தால் நாலு வாரத்திலிருந்தே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குச்சி கட்டிப் போடுங்கள், பகலில் ஏறி விளையாடிப் பழகிவிடும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். அந்தியில் வெளியே இன்னும் வெளிச்சமாகவும் கூட்டுக்குள் கும்மிருட்டாகவும் இருந்தால் கோழி வாசலில் நின்று கழுத்தை நீட்டுமே தவிர உள்ளே போகாது. சின்னப் பல்பு ஒன்றைக் கம்புப் பக்கம் போட்டு வைத்து, எல்லாம் ஏறி அமர்ந்த பிறகு அணையுங்கள். அவை தரையில் நிற்கும்போதே பட்டென்று அணைத்தால் நின்ற இடத்திலேயே படுத்துவிடும். சாயங்காலத் தீனியைக் கூட்டுக்கு வெளியே போடாமல் உள்ளே, கம்புக்கு முன்னால், ஒரு கை குருணையாகப் போடுங்கள். வயிறு நிறைந்தது அடையச் சோம்பாது.

முருங்கைவாசிகளுக்குக் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். இரவில் பிடித்து உள்ளே விட்டு, ஒரு வாரம் பத்து நாள் கூட்டைத் திறக்காமல் உள்ளேயே தீனி தண்ணீர் கொடுங்கள், கூடு நிழலில் இருக்கும் பட்சத்தில். அதன் பிறகு பகலில் திறந்துவிட்டால் பெரும்பாலும் பழகிய இடத்துக்கே வரும். சிறகு வெட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பகலில் நாய் துரத்தினால் பறந்து தப்பிக்க அதற்கு வேறென்ன இருக்கிறது? மரத்தில் கிடக்கட்டும் என்று விடவும் முடியாது. நம் தெருக்களில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் ஓட்டுக்கடியில் மரநாய் குடும்பம் நடத்துகிறது. அதற்கு முருங்கை ஏறுவது ஒரு வேலையே இல்லை. ஐப்பசி அடைமழை தொடங்கினால் இந்த இரண்டும் தாமாகவே கீழிறங்கி வரவும் வாய்ப்புண்டு, அந்தச் சமயத்தைத் தவறவிடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது, “அந்தக் காலத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தோம், கம்பு ஏது, கிம்பு ஏது” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாலு கோழியை அந்தக் கூடைக்கடியில் அடைத்துவிட்டுக் காலையில் இடம் மாற்றிவிடுவார்கள், எச்சம் ஓரிடத்தில் சேராது. நிலையான கூட்டில் தினமும் அதே தரையில் படுத்தால் ஈரமும் எச்சமும் நெஞ்சு இறகில் ஒட்டும், அந்த நாற்றம் மழைக்காலத்தில் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். ராத்திரி எச்சம் முழுக்கக் கம்புக்கடியில் விழுந்தால் அள்ளுவதும் எளிது. மட்கவைத்து வாழைக்குப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் வேர் வெந்துபோகும்.

கடைசியாக, உங்களுக்கு இப்போது இல்லாவிட்டாலும் பிறகு வரக்கூடியது: இத்தனை நாள் ஏறிக்கொண்டிருந்த கோழிகள் எல்லாம் ஒரேயடியாகக் கம்பை வெறுத்து, கூட்டுக்குள்ளேயே நுழைய மறுத்தால் அது பெரும்பாலும் கோழி உண்ணி அல்லது செள்ளு என்கிற பொடிப் பூச்சி. இரண்டும் பகலில் மர வெடிப்பிலும் மூங்கில் கணுவிலும் கம்பு சுவரில் சேருகிற பொருத்திலும் ஒளிந்துகொண்டு, ராத்திரி வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இருட்டில் டார்ச் அடித்து, வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், சிவப்பாக ஈஷினால் உறுதி. கம்பைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கொதிநீர் ஊற்றுங்கள், வெடிப்புகளை அடையுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், பொருத்துகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது, அதனால் கூட்டைக் காலியாகப் போட்டு வைத்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். கம்பைக் கழற்ற முடியாதபடி ஆணி அடிக்காமல், இரண்டு பக்கமும் கொக்கியில் உட்காருமாறு வைப்பது இதற்காகத்தான்.

எல்லாம் ஏற, ஒரே ஒரு கோழி மட்டும் திடீரென்று கீழேயே கிடந்தால் விஷயம் வேறு. உள்ளங்காலைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கழிச்சல் வெள்ளையாகவோ பச்சையாகவோ போகிறதா, தீனிப்பை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கம்பில் தூக்கி வைக்காமல், மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பஞ்சாரத்தில் வைத்து, விடிந்ததும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.