பழைய பிரவுசரில் வெப்சைட்டைச் சோதிப்பது என்றால் என்ன? ஏன் தேவை?

வெப்சைட்டைப் பிரவுசரின் பழைய பதிப்பில் நிஜமாகவே திறந்து, படிவமும் பட்டனும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் இது. எல்லோராலும் அப்டேட் செய்ய முடியாது: விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-தான் கடைசி, ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது.

பழைய பாடத்திட்டத்தில் படித்தவரிடம் புதிய கேள்வித்தாளை நீட்டுவது போலத்தான். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் தெரியாத வரி வந்தால் பிரவுசர் அதை மட்டும் விட்டுவிடும். பட்டனையும் படிவத்தையும் இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்து வரும் ஆப்ஷனல் செயினிங் என்ற புதிய குறியீடு ஒரே ஓர் இடத்தில் இருந்தாலும், குரோம் 79 அந்த ஃபைலையே ஓட்டாது. பக்கம் அழகாகத் தெரியும், பட்டன் மட்டும் அசையாது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறை புரியவில்லை என்ற பிழை, இருக்கும்.

சோதிக்க, பழைய பயர்பாக்ஸைத் தனி புரொஃபைலில் (அமைப்புகளும் தரவும் தனியாக இருக்கும் இடம்) திறந்து, தானாக அப்டேட் ஆவதை உடனே நிறுத்துங்கள்.

பிரவுசரிலேயே உள்ள டெவலப்பர் கருவியான டெவ்டூல்ஸில், பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் யூசர் ஏஜென்ட்டை மாற்றினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெயர்தான் மாறும், பக்கத்தை இயக்கும் எஞ்சின் மாறாது.