மறுமொழி: பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலையில் நாள் மழையளவும் லாஹார் (எரிமலைச் சேற்றோட்டம்) வந்த தேதியும் ஏன் ஒத்துப்போகவில்லை?

நாள் மொத்தத்தை விட்டுவிடுங்கள். மழை எவ்வளவு வேகமாகக் கொட்டியது என்பதுதான் கணக்கு. நாள் முழுக்கப் பெய்த 100 மி.மீ. சும்மா போகலாம், அதில் பாதி அரை மணியில் கொட்டினால் சேறு கிளம்பிவிடக்கூடும்.

காரணம் பெரும்பாலும் மேற்பரப்பு. 1991 ஜூன் வெடிப்பு சரிவுகளில் கன கிலோமீட்டர் கணக்கில் உதிரிப் படிவைக் குவித்தது, செடிகொடியும் போயிற்று. நுண்சாம்பல் நனைந்ததும் தோல்போல இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. வழியும் நீர் ஓடைக்கரையை அரித்து அரித்து, ஊற்றும் கான்கிரீட் மாதிரி கனத்துவிடும். பகோலோர் ஊர்த் தேவாலயம் லாஹாரில் பாதி உயரம் புதைந்தது 1995இல், வெடித்து நாலு வருஷம் கழித்து!

10 நிமிட மழைப் பதிவு கிடைத்தால் 30 நிமிட உச்சத்தை எடுத்து வரைந்து பாருங்கள். மழைமானி மேல்சரிவிலா, அடிவாரத்திலா என்றும் பாருங்கள். கீழே காய்ந்திருக்கும்போதே மேலே கொட்டித் தீர்த்திருக்கும்.

ஒன்று: சேறு கிளம்பும் மழை வேகத்துக்கு எல்லா வருஷத்துக்கும் ஒரே வரம்பு வைக்காதீர்கள், புல் முளைக்க முளைக்க அது உயரும். நிகரகுவாவின் கசீட்டா எரிமலைக்கும் இதைப் பொருத்த வேண்டாம். 1998இல் மிட்ச் புயல் மழை நாள்கணக்கில் ஊறி, அங்கே சரிவே பிய்த்துக்கொண்டு இறங்கியது.