பெட்டியடிப் பையனும் தொழிற்பழகுநரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு பேர். கண்ணாடியின் மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றத் தெரிந்தவர்கள் இருவர்தான். அவர்களில் மூத்தவருக்கு அறுபத்திரண்டு வயது ஆகிறது. புதியவரைச் சேர்த்தால் சம்பளத்தில் பாதியை அரசே தரும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: பாதி இல்லை, கால்பங்கு. அதுவும் மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாது. நீங்கள் கேள்விப்பட்டது 2016-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டமாக இருக்கலாம். தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) என்றால், உதவித்தொகை பெற்றுக்கொண்டு பட்டறையிலேயே தொழில் கற்பவர். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் இத்திட்டம் நடைபெறுகிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள உங்களைப் போன்றோர் விரும்பினால் சேர்க்கலாம். மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை என்பது அளவு. ஆகவே உங்கள் பட்டறைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய், தொழிற்பயிற்சி நிலைய (ஐ.டி.ஐ.) சான்றிதழ் பெற்றவருக்கு 7,000 ரூபாய். இத்தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பிலுள்ள தொகையை அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள். அரசின் பங்கு இப்போது உங்கள் கைக்கு வராமல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வழியாக நேரே பழகுநரைச் சென்றடைகிறது. மீதியை நீங்கள் தர வேண்டும். கல் வார்ப்பதற்கென்று அரசு வகுத்த பாடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். விருப்பத் தொழிற்பிரிவு என்ற வகையில், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரையிலான பயிற்சியை நிறுவனமே வகுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சிமென்ட் தூசியில் செய்யும் வேலை என்பதால் பதினெட்டு வயது நிறைந்தவரையே எடுங்கள் என்பது என் யோசனை. பதிவு செய்வதற்கும் ஆள் தேடுவதற்கும் சிவகங்கையில் உள்ள மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் அவ்வப்போது நடக்கும் சேர்க்கை முகாம்களிலும் ஆள் கிடைப்பார்.

ஆனால் அரசு தருவது அந்த 1,500 ரூபாயும் ஒரு சான்றிதழும்தான். யாரை, எந்த வேலைக்கு, எப்போது பழக்குவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே விண்ணப்பத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு தாளை எடுத்து, மணல் சலிப்பது, சாயம் கலப்பது, அச்சில் ஊற்றுவது, கலவை போட்டு மட்டம் தட்டுவது, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது, கண்ணாடியைக் கழற்றுவது என்று பட்டறையின் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்பவர் யார், அவர் வராத நாளில் யார் செய்வார், புதியவர் கற்க எத்தனை மாதம் ஆகும் என்று குறியுங்கள். எந்த வேலைக்கு எதிரே ஒரே பெயர் நிற்கிறதோ, அல்லது அறுபது கடந்தவரின் பெயர் நிற்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் பழகுநர் தேவை. அங்கே வைக்காமல் சுமை தூக்க வைத்தீர்களானால், ஓராண்டு கழித்தும் உங்கள் மூத்தவரின் கரண்டி வேறொருவர் கைக்கு மாறியிருக்காது. அச்சின் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சாயம் ஒரு சொட்டும் தாண்டாமல் ஊற்றும் அந்த மணிக்கட்டுப் பழக்கம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் செய்தும் வர வேண்டிய ஒன்று. தை பிறந்து வீடு கட்டும் வேலைகள் மும்முரமாகும்போது சொல்லித்தர உங்களுக்கு நேரம் இராது. மழையால் கல் காய்வது சுணங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஆளைச் சேர்த்தால் மூத்தவருக்கும் பொறுமை இருக்கும்.

இது நம் பக்கத்துக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில், பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தவன் கணக்குப் பழகி அடுத்தாளாகி (உதவியாளராகி), பிறகு கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தான். மேலாள் மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்பும் காலம் முன்பே தெரிந்திருந்ததால், அவர் இடத்துக்கு வர வேண்டியவரைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க முடிந்தது. உங்கள் மூத்தவர் கப்பல் ஏறப் போவதில்லை. ஆனால் அவருக்கும் ஒரு தவணை உண்டு.

கேள்வி: வீட்டோடு பலகாரத் தொழில் நடத்துகிறேன், எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கைமுறுக்கும் மனகோலமும் நன்றாகப் பழகியதும், நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று பெரிய கடைக்குப் போய்விடுகிறார்கள். இதில் பயிற்சிக்கு வேறு செலவழிக்க வேண்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மனத்தாங்கல் நியாயமானது, அம்மா. பழகுநர் ஒப்பந்தத்தில், பயிற்சி முடிந்தபின் இன்ன ஊதியத்தில் இத்தனை காலம் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை எழுதிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் மனமில்லாதவரைக் காகிதத்தால் கட்டி வைத்துச் சுற்றும் முறுக்கில் எத்தனை புரி ஒழுங்காக விழும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நிபந்தனையை நம்புவதைவிட, சம்பள உயர்வு எந்தத் தேர்ச்சிக்கு எவ்வளவு என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். மாவு பிசைபவர், சுற்றுபவர், எண்ணெய்ச் சட்டி பார்ப்பவர் என்று மூன்று படி வைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகையை நிர்ணயித்தால், அடுத்த உயர்வு உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அப்படியும் போகிறவர் போவார். அதனால்தான் எந்த வேலையும் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பழகுநரைச் சேர்ப்பதானால் இரண்டு எச்சரிக்கைகள். அவர் சட்டப்படி பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர். எனவே வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் அவருக்கு இல்லை. ஆனால் பயிற்சியின்போது எண்ணெய் தெறித்துக் காயம் பட்டால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. தீபாவளி நெருக்கடியில் அவரைக் கூடுதல் நேரம் வேலை வாங்கவும், அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இன்றி முடியாது. இவை ஒருபுறமிருக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பயிற்சித் திட்டத்தில், உணவைக் கையாளும் இருபத்தைந்து பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது அளவு. உங்கள் எண்மரில் நிதானமும் எழுத்தும் உள்ள ஒருவரை அதற்கு அனுப்புங்கள். அந்தச் சான்றிதழ் பெற்றவரே பெரும்பாலும் நிலைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை விடுதியாக்கி நடத்துகிறோம். எங்கள் சமையல்காரருக்கு முப்பது ஆண்டு அனுபவம், ஆனால் பள்ளிப் படிப்பு இல்லை. அவருக்கு ஏதாவது சான்றிதழ் கிடைக்குமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கிடைக்க வழியுண்டு. முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில், வேலையை முன்பே அறிந்தவருக்குக் குறுகிய அறிமுக வகுப்பு நடத்தி, செய்துகாட்டச் சொல்லி மதிப்பிட்டுச் சான்று தருகிறார்கள். அவர் புதிதாகக் கற்க வேண்டியது, கையுறை, குளிர்பெட்டி வெப்பநிலை, ஒவ்வாமை உள்ள விருந்தினரிடம் கேட்க வேண்டிய கேள்வி போன்ற சிலவே. முப்பதாண்டுக் கைக்கு இனித் தேர்வா என்று அவர் முகம் சுளித்தால், வற்புறுத்த வேண்டாம். உடன் நிற்கும் இளையவரைப் பழகுநராக்கி, கற்றுத் தருபவர் என்ற மரியாதையை அவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: அரசு உதவி எதற்கும் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும் என்று சொல்லி, ஒரு கணினி மையத்தில் என்னிடம் 1,500 ரூபாய் வாங்கினார்கள். இது முறையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: முறையன்று. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வசூலிப்பதில்லை; ஆதார் எண்ணைக் கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம். தட்டச்சுக் கூலியாகச் சிறு தொகை கேட்டால் அது வேறு. பதிவு இருப்பது நல்லதுதான், கடன் முதல் மானியம் வரை பல கதவுகளில் அதைக் கேட்பார்கள். கையிலுள்ள சான்றிதழில் உங்கள் தொழில் வகை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்தி செய்பவரை வணிகர் என்று போட்டுவிடுவது மையங்களில் நடக்கும் தவறு. அதை அதே தளத்தில் திருத்தலாம். அதற்கும் கட்டணம் இல்லை.